சனிக்கிழமைக் கடல்

இன்னும் அரைத் திருகு, இல்லை, கால் திருகு போதும், ரொம்ப இறுக்கினால் மீன் முதல் ஓட்டத்திலேயே தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும், ரொம்ப இளக்கினால் முள் பதியாது, முள்ளில் குத்திய சாளை மீன் துண்டை உருவிக்கொண்டு மீன் அதன் பாட்டுக்குப் போகும். ரீலின் மூக்கில் இருக்கிற இந்தக் குமிழுக்கு டிராக் என்று பேர். வலப்பக்கம் திருகினால் பிடிக்கும், இடப்பக்கம் திருகினால் விடும். தையல் மெஷினில் நூலுக்கு டென்ஷன் வைக்கிற குமிழ் மாதிரியேதான், முப்பது வருஷம் நாசரேத் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதைத்தானே சொல்லிக்கொடுத்தேன், துணி சுருங்கினால் இளக்கு, தையல் தொங்கினால் இறுக்கு என்று. அதைச் சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார், சிரிக்க முடிந்த காலத்தில். விரலால் நரம்பைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறேன். வருகிறது, ஆனால் மனசில்லாமல் வருகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். தண்ணீர் முழங்காலுக்கு ஏறி இறங்குகிறது, காலடி மணலை உருவிக்கொண்டே போகிறது, நின்ற இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் புதைகிறேன். ஈயக்குண்டைப் பின்னால் ஆடவிட்டு, கம்பை இரண்டு கையாலும் தோளுக்கு மேல் கொண்டுவந்து வீசுகிறேன், நரம்பு சுருள் சுருளாகக் கழன்று ஓடுகிறது, இரண்டாவது அலை உடைகிற இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் தெறிப்பு. விழுந்துவிட்டது. நல்ல வீச்சு. யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, அவர் பார்த்திருப்பார், பின்னால் பனைமரங்கள் முடிகிற இடத்தில் தார்ச்சாலையும் முடிகிறது, அங்கே காரை நிறுத்தி, கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, இடப்பக்க சீட்டில் அவரை உட்காரவைத்து, பெல்ட்டைப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் காரின் முன்கண்ணாடியில் காலை வெயில் தகடாக அடிக்கிறது. முகம் தெரியாது. அவருக்கு நான் தெரிவேன், எனக்கு அவர் தெரிய மாட்டார். மணலில் நட்டுவைத்த பிளாஸ்டிக் குழாயில் கம்பைச் செருகி, தொய்வை மட்டும் சுற்றி எடுத்துவிட்டு நிற்கிறேன். இனி நிற்பதுதான் வேலை. மணப்பாட்டுக்குத் தெற்கே இவ்வளவு நீளக் கடற்கரையில் ஒரு ஆள் இல்லை, தூரத்தில் ஒரு வள்ளம் கவிழ்த்துப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். கையை மோந்து பார்க்கிறேன், சாளை வாடை. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் மத்தியானம் அவருக்குச் சோறு ஊட்டும்போது இந்த வாடை இருக்கும், அவர் அந்த விரலை ஒரு நிமிஷம் உதட்டில் பிடித்து வைத்துக்கொள்வார், எனக்கு அது பிடிக்காது, பிடிக்காது என்று காட்டிக்கொள்ளவும் மாட்டேன்.

என் வீட்டுக்காரர், ரத்தினராஜ் மாஸ்டர் என்றால் நாசரேத்திலும் சாத்தான்குளத்திலும் தெரியாதவர்கள் கிடையாது, அந்தப் பக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்கிற பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். நாள் முழுக்கப் பேசிப் பேசியே பிழைத்த மனுஷன். கிளட்சை மெதுவா விடும் ஓய், கண்ணாடியப் பாரு, பின்னால ஒருத்தன் வாரான் பாரு. போன ஐப்பசியில் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே போட்டார், குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. வலப்பக்கம் முழுதும் போய்விட்டது, அதோடு பேச்சும். ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம் நின்றது. அப்புறம். பசித்தால் அப்புறம், வலித்தால் அப்புறம், ஒன்றுக்கு வந்தால் அப்புறம். எல்லாச் சொல்லும் எரிந்துபோன வீட்டில் ஒரு சொல் மட்டும் எப்படித் தப்பியது என்று பேச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணிடம் கேட்டேன். "சிலருக்கு அப்படி ஒரு வார்த்தை தங்கிரும்மா, அவரா வேணும்னு சொல்லல, அதுவா வருது. கோபம் வந்தா வேற வார்த்தை வரலாம், பயந்துராதீங்க" என்றாள். கோபம் நிறைய வந்தது, வேறு வார்த்தை வரவில்லை. பார்க்க வந்தவர்களுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை, சர்ச்சிலிருந்து வந்தவர்கள் ஏதாவது சொல்வார்கள், இவர் அப்புறம் என்பார், அவர்களும் மேலே சொல்லிக்கொண்டே போவார்கள், மாஸ்டர் நல்லாக் கேக்காரே என்று சந்தோஷமாகப் போவார்கள். எனக்கும் அந்தக் கிறுக்கு பிடித்தது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, இன்னைக்குத் தேங்காய் வெட்ட ஆள் வரலங்க என்பேன். அப்புறம் என்பார். அவன் பொண்டாட்டிக்குச் சொகமில்லையாம். அப்புறம். கல்யாணம் ஆன நாள் தொட்டு அவர் என்னிடம் ஒருநாள் கூட, அப்புறம் என்னளா ஆச்சு என்று கேட்டதில்லை. இப்போது கேட்கிறார், கேட்காமல் கேட்கிறார், நான் சொல்கிறேன், அவர் தூங்கின பிறகும் சொல்கிறேன், இருட்டில் என் குரல் எனக்கே அடுத்த வீட்டுக்காரி குரல் மாதிரி இருக்கிறது. அந்தக் கம்பும் அப்படித்தான் கீழே இறங்கியது. பரணைப் பார்த்துப் பார்த்து இடது கையால் சுவரில் அடித்தார், அப்புறம் அப்புறம் என்று ஒரு வாரம் அடித்தார், பாத்திரமா, பைபிளா, பழைய போட்டோவா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன், கடைசியில் கம்பு உறையை இறக்கியதும் அழுதுவிட்டார். டிராக் வைக்க அவரிடம்தான் கற்றேன். நரம்பு நுனியில் கொக்கித் தராசை மாட்டி, தராசை வாசல் கேட்டுக் கம்பியில் மாட்டி, கம்பை வளைத்து இழுக்க வேண்டும், நரம்பு தாங்குகிற எடையில் கால்வாசி வரும்போது ரீல் விட்டுக்கொடுக்க வேண்டும். "இவ்வளவாங்க?" "அப்புறம்." "இன்னும் இறுக்கவா?" "அப்புறம்!" "இளக்கவா?" "அப்புறம்!" என் கையைத் தட்டிவிட்டார். ரோட்டில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்தி, கேட்டை எதுக்கு மீன் பிடிக்கிய என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. யாரிடம் சிரிப்பது என்று தெரியாமல் அடுப்படிக்குப் போய் நின்று சிரித்தேன்.

கம்பு நுனி ஆடுகிறது. டுக், டுக். இல்லை, நண்டு. நண்டென்றால் இப்படித்தான், கிள்ளிக் கிள்ளிப் பார்க்கும். விட்டுவிடலாம். மீன் என்றால் தலையை ஆட்டிவிட்டு ஓடும், அல்லது கரைப் பக்கமே வரும், அப்போது நரம்பு சட்டென்று தொய்ந்துபோகும், தொய்ந்தாலும் மீன்தான் என்று தெரிய வேண்டும். இதையெல்லாம் நானே நின்று நின்று தெரிந்துகொண்டது. நின்றால் தெரியும். இன்னும் ஒன்றும் இப்படி நின்றுதான் தெரிந்தது. இருபத்தாறு வருஷம் சனிக்கிழமை என்றால் இந்த மனுஷன் வீட்டில் இருந்ததில்லை. விடியும் முன் கிளம்பினால் வெயில் சாய்ந்துதான் திரும்புவார், சில நாள் மீன் இருக்கும், பல நாள் இருக்காது. மகள் ஷைனி சின்னவளாக இருந்தபோது ஒருதரம் சந்தேகம் வந்தது எனக்கு, சாத்தான்குளத்திலோ உடன்குடியிலோ ஒருத்தி இருக்கிறாள் என்று. சட்டையை மோந்து பார்த்தேன். உப்பும் சாளையும். மீன் வாடை உள்ள ஒருத்தியா என்று கூட யோசித்தேன், வெட்கம்தான், என்ன செய்ய. ஒருநாள் கேட்டே விட்டேன், அங்க போயி என்னதான் செய்வீங்க இவ்வளவு நேரம் என்று. சும்மா நிப்பேன் என்றார். எனக்கு அது பொய்யாகப் பட்டது. நான் கோவில்பட்டிக் கரிசல் காட்டில் பிறந்தவள், எங்கள் ஊரில் சும்மா நிற்கிறதென்றால் பஸ்ஸுக்கு நிற்பார்கள், ரேஷனுக்கு நிற்பார்கள், ஒன்றுமில்லாததற்கு யார் நிற்பார்கள். நானும் வாரேன் என்று ஒருமுறை சொன்னேன், வெயில்ல ஒனக்குத் தலைவலிக்கும் என்றார். தலைவலிக்கவில்லை. இப்போது மூன்று மாதமாக நிற்கிறேன், ஒருநாளும் வலிக்கவில்லை. முதல் நாள் பயமாக இருந்தது, இரண்டாம் நாள் அலுப்பாக இருந்தது, மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, இதே மாதிரி முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது, உடம்பு முழுக்க ஏதோ கழன்று விழுந்தது மாதிரி இருந்தது. யாருக்கும் வாயைத் துடைத்துவிட வேண்டாம். யாரும் அப்புறம் என்று சொல்லவில்லை. ஆளில்லாத வீட்டுக்குள் காற்று வருவது மாதிரி இருந்தது. அப்போது தெரிந்தது. ஒருத்தியும் இல்லை, மீனும் இல்லை, நான் இல்லாத ஒரு இடத்துக்குத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். வாரம் ஆறு நாள் என்னோடு இருக்க வேண்டியிருந்ததற்கு ஒருநாள் என்னை விட்டு இருந்திருக்கிறீர்கள். கோபம் வரவேண்டும்தானே. வந்தது. ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டது, ஏனென்றால் அதே நேரம் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், முதுகைக் காருக்குக் காட்டிக்கொண்டு. ஒரே கடற்கரையில் ஒரே இடத்தில் ஒருவரை ஒருவர் விட்டு நின்றிருக்கிறோம், அவர் இருபத்தாறு வருஷம், நான் மூன்று மாதம். வித்தியாசம் என்னவென்றால் அவர் நின்றபோது பின்னால் யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

யோசிக்கேன் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன். நேற்று சாயங்காலம் அடுப்படியில் நின்று போன் பேசினேன், ஷைனி பெங்களூரிலிருந்து, ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பேசுவாள், பின்னால் வண்டிச் சத்தமாக இருக்கும். "எம்மா, நான் சொல்லுதத கோபப்படாமக் கேளு. இங்க பக்கத்துலயே ஒரு நல்ல இடம் இருக்கு, நர்ஸ் இருக்காங்க, தெரப்பி இருக்கு, அப்பாவ அங்க சேப்போம். நீ என்கூட இரு. நீயும் கொஞ்சம் மூச்சு விடணும்லா." "அவர் அங்க போயி என்ன செய்வாரு?" "இங்க மட்டும் என்ன செய்யாரு? நீ அவரக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போயி கார்ல பூட்டிவச்சிட்டு நிக்க. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" பூட்டவில்லை, கண்ணாடியை இறக்கித்தான் வைக்கிறேன், அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யோசிக்கேன் என்றேன். "திங்கக்கிழமைக்குள்ள சொல்லும்மா, இடம் போயிரும்." யோசிக்கேன்டி. திரும்பினால் சக்கர நாற்காலி வாசலில் நிற்கிறது. இடது காலால் தள்ளித் தள்ளி எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக இருந்தார், ஒன்றும் தெரியாது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை, முகத்தில் பாதிதான் அசையும், அந்தப் பாதியும் அசையவில்லை. ராத்திரி கஞ்சி வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டார். பசியில்லாமல் இருக்கலாம். கேட்டிருப்பாரோ. கேட்டால் புரியுமா. புரியும் என்று டாக்டர் சொன்னார், எல்லாம் புரியுமா, கொஞ்சம் புரியுமா, அதை அவர் சொல்லவில்லை. பூட்டிவச்சிட்டு என்ற சொல் மட்டும் புரிந்திருந்தால். யோசிக்கேன் என்ற சொல் மட்டும் புரிந்திருந்தால். அதை நான் எந்தக் குரலில் சொன்னேன், வேண்டாமென்கிற யோசிக்கேனா, சரியென்கிற யோசிக்கேனா, எனக்கே தெரியாத போது அவருக்கு எப்படித் தெரியும். காலையில் காரில் ஏற்றும்போது வழக்கமாக இடது கையால் என் தோளைப் பிடிப்பார், இன்றைக்குக் கதவைப் பிடித்தார். கதவு பக்கத்தில் இருந்ததாலும் இருக்கலாம். தேரி மணல் சிவப்பாகக் கண்ணில் அடிக்க வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன், வழி முழுக்க ஒரு அப்புறம் கூட இல்லை. அதுதான். அதுதான் காலையிலிருந்து என்னமோ குறைகிற மாதிரி இருந்தது. இன்றைக்கு அவர் அந்த ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கம்பு குனிகிறது. நண்டில்லை. ஒரு குனிவு, நிமிர்வு, மறுபடி குனிந்து அப்படியே கடலைப் பார்த்து வளைந்துவிட்டது, ரீல் கிர்ர்ரென்று கத்துகிறது. கம்பைக் குழாயிலிருந்து உருவுகிறேன், அடிவயிற்றில் முட்டுக்கொடுக்கிறேன். வெட்டி இழுக்காதே, வெட்டி இழுத்துத்தான் முதல் மீனை விட்டேன், இது உள்பக்கமாக வளைந்த முள், மீன் திரும்பி ஓடும்போது தானாக வாய் ஓரத்தில் போய் மாட்டும், நான் செய்ய வேண்டியதெல்லாம் நரம்பைத் தொய்யவிடாமல் இருப்பதுதான். நரம்பு போய்க்கொண்டே இருக்கிறது, போகட்டும், ஓடும்போது சுற்றக் கூடாது, நின்றால் சுற்று. கனம். அம்மாடி, என்ன கனம். பின்னால் ஹாரன். பாம். பார்த்துவிட்டார். பாம் பாம். காரில் உட்கார்ந்தபடி ஸ்டியரிங் பக்கம் சாய்ந்து இடது கையால் அடிக்கிறார், இதுவரை செய்ததில்லை. என்ன சொல்கிறார். இறுக்கு என்கிறாரா, இளக்கு என்கிறாரா. "என்னங்க?" என்று கத்துகிறேன், திரும்பாமல், அலைச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. மீன் நின்றது. கம்பைத் தூக்கி, இறக்கிக்கொண்டே சுற்றுகிறேன், தூக்கி, இறக்கிச் சுற்றுகிறேன். பாம். சரி, சரி, தெரியும். மறுபடி ஓடுகிறது, இந்தத் தடவை தெற்கே, நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. அப்போது ஹாரன் விடாமல் அடிக்க ஆரம்பித்தது. நிறுத்தாமல். ஒரே சத்தமாக. கையால் அடிக்கிற சத்தமில்லை அது. ஒரு உடம்பு அதன் மேல் விழுந்து கிடக்கிற சத்தம். இன்னொன்னு வந்தா தாங்க மாட்டார்ம்மா என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தெரியும். அது தெரிந்தும் ஒரு அலை வந்து, உடைந்து, திரும்பிப் போகிற வரைக்கும் நான் அசையவில்லை. கையில் மீன் இழுக்கிறது, உயிருள்ள இழுப்பு, முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம், நடுவில் நான், என் மனசில் ஐயோ என்று வரவில்லை. ஏசப்பா என்றும் வரவில்லை. திங்கக்கிழமை ஷைனிக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று வந்தது. அதுதான் முதலில் வந்தது. தெளிவாக, அச்சடித்த மாதிரி. அப்புறம்தான் அசைந்தேன். கம்பைக் குழாயில் குத்தி இறக்கினேன், கை அதுவாகக் குமிழை இடப்பக்கம் திருகிவிட்டது, போ, எவ்வளவு வேணுமானாலும் எடுத்துக்கொண்டு போ என்று, ஓடினேன். மணலில் ஓட முடியவில்லை. கால் உள்ளே உள்ளே போகிறது. கண்ணாடியில் வெயில், முகம் தெரியவில்லை, இன்னும் கிட்டே போயும் தெரியவில்லை, அந்தச் சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன். பெல்ட்டை அவிழ்த்திருக்கிறார், ஸ்டியரிங் பக்கம் எட்டிச் சாய்ந்தவருக்குச் செத்த பக்கம் தாங்காமல் நழுவி, கன்னமும் நெஞ்சும் ஹாரன் மேல் அமுங்கிக் கிடக்கிறார். தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். சத்தம் நின்றது. அந்த அமைதியில் என் மூச்சு நாய் மூச்சு மாதிரி கேட்டது. ஏங்க. ஏங்க, இங்க பாருங்க. கண் திறந்துதான் இருந்தது. முகம் சிவந்திருந்தது, வாயோரம் எச்சில், கழுத்து நரம்பு புடைத்திருந்தது, அவர் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலாகக் கடலைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"ஓடு மூதி!"

வசவுதான். சொல் சொல்லாக, உடையாமல், பழைய குரலில். "என்ன சொன்னீங்க?"

அவருக்கே தூக்கிவாரிப் போட்டது போல. மறுபடி சொல்ல வாயைக் கூட்டினார். வரவில்லை. "அப்புறம்" என்றார், இடது கையால் கடலைக் காட்டி.

"மூதியா? நானா மூதி?" என் குரல் எங்கிருந்தோ வந்தது. "பத்து மாசமா வாயே திறக்காம இருந்துட்டு, தொறந்ததும் மூதியா? நான் செத்துட்டீங்கன்னு நெனச்சு ஓடி வாரேன். மீனு போயிரும்னு ஹாரன் அடிக்கீங்க என்ன? நீங்க போயிப் பிடிங்க. எறங்கிப் போயிப் பிடிங்க பாப்போம்!" சீக்காளியிடம் சண்டை போடக் கூடாது, எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், பத்து மாசமாக நான் யாரிடமும் சண்டை போடவில்லை, வாயில் அவ்வளவு சேர்ந்திருந்தது எனக்கே தெரியாது. "சனிக்கிழமை சனிக்கிழமை என்னையும் பிள்ளையையும் போட்டுட்டு இங்க வந்து நின்னீங்கல்லா, சும்மா நிப்பேன்னீங்கல்லா, இப்பத்தான் தெரியுது எனக்கு எதுக்கு நின்னீங்கன்னு!" அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் பார்த்தார். கார் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். இனி கேட்காமல் இருக்க முடியாது என்று பட்டது. "நேத்து ஷைனி பேசுனது உங்களுக்குக் கேட்டுச்சு. கேட்டுச்சா?"

இடது கை மடியில் கிடந்தது. விரல்கள் மடங்கி விரிந்தன. பிறகு தலையை ஒருதரம் ஆட்டினார்.

"அதான் கஞ்சி வேண்டாம்னீங்களா?"

மறுபடி ஆட்டினார். புரிந்திருக்கிறது. எல்லாம் புரிந்திருக்கிறது, இந்தப் பத்து மாசமும், ராத்திரி இருட்டில் நான் சொன்னதெல்லாம், தூங்கிவிட்டார் என்று நினைத்துச் சொன்னதும். காது சுட்டது எனக்கு. "சரின்னு சொல்லல நான். வேண்டாம்னும் சொல்லல. எனக்கு முடியலங்க. முடியலன்னு ஒங்ககிட்டதான் சொல்லணும், வேற யார்கிட்ட சொல்ல?" அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, அந்தக் கண்ணில் எப்போதும் வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சீட்டு பெல்ட்டை எடுத்து மறுபடி மாட்டினேன். அவர் மெதுவாக இடது கையைத் தூக்கி என் முழங்கையைப் பிடித்து, கடல் பக்கம் தள்ளினார். கொஞ்சமாகத்தான். திரும்பிப் பார்த்தேன். கம்பு இன்னும் லேசாக வளைந்திருந்தது.

நடந்துதான் போனேன். ஓடவில்லை. போயிருந்தால் போயிருக்கட்டும். நரம்பு பெரும்பாலும் போய்விட்டது, ரீலின் அடி தெரிகிறது, ஆனால் அறுந்துவிடவில்லை, இளக்கிவிட்டதால் மீன் தன் இஷ்டத்துக்கு ஓடி ஓடி எங்கோ தூரத்தில் அலுத்துப் போய் நிற்கிறது. குமிழை வலப்பக்கம், கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கம்பில் மறுபடி உயிர் வந்தது. இனி அவசரமில்லை. தூக்கி, இறக்கிச் சுற்றுகிறேன். அது இழுத்தால் கொடுக்கிறேன், நின்றால் எடுக்கிறேன். தோள் எரிகிறது. கட்டைவிரல் அடியில் தோல் உரிந்துவிட்டது. பின்னால் ஹாரன் சத்தம் இல்லை. திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது, பார்க்கவில்லை. அந்த ஒரு அலை நேரம் நினைத்துக்கொண்டே இருந்தேன். நான் நின்ற அந்த நேரம். அதை அவரிடம் சொல்லவில்லை. ராத்திரி இருட்டில் கூடச் சொல்ல மாட்டேன், இனி இருட்டில் பேசுவதெல்லாம் அவர் கேட்கிற பேச்சு. இது எனக்கு மட்டும். இப்படி ஒன்றிரண்டு அவருக்கும் இருக்கும், இந்தத் தண்ணீரில் நின்று நினைத்தவை, வீட்டுக்குக் கொண்டுவராமல் இங்கேயே விட்டுவிட்டு வந்தவை. கடைசி அலைக்கு அந்தப் பக்கம் வெள்ளியாக ஒரு முதுகு புரண்டது. அலை திரும்பிப் போகும்போது இழுக்காதே, கடலோடு மல்லுக்கட்ட உன்னால் முடியாது, பிடித்துக்கொண்டு மட்டும் நில். வருகிற அலை வரட்டும். வந்தது, பெரிய அலை, கம்பை உயர்த்தி இரண்டு எட்டு பின்னால் வைத்தேன், அலையே மீனைத் தூக்கிக் கொண்டுவந்து ஈரமணலில் போட்டுவிட்டுப் போனது. காலா மீன். என் கை நீளம் இருக்கும். மோவாய்க்குக் கீழே மஞ்சள் நூல் நூலாகத் தொங்குகிறது. முள் சரியாக வாய் ஓரத்தில் மாட்டியிருந்தது, இருக்க வேண்டிய இடத்தில். காய்ந்த மணலுக்கு இழுத்துக்கொண்டு போய் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது செவுளைத் திறந்து திறந்து மூடியது. உடம்பில் வெயில் பட்டது. யாரிடமாவது பார்த்தியா என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது, அப்படியே கொஞ்ச நேரம் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன், மீனின் செவுள் நின்றுபோகிற வரைக்கும்.

காருக்குக் கொண்டுபோய் ஜன்னல் வழியாகக் காட்டினேன். அவர் அதன் செதிலை விரலால் தடவினார், எதிர்ப்பக்கமாக ஒருதரம், வழியோடு ஒருதரம். மீனின் வாயைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினார், முள் மாட்டிய இடத்தைப் பார்த்தார். நல்லாருக்கு என்பதற்குத் தலையை ஆட்டினார். மீனைச் சாக்கில் சுற்றி டிக்கியில் வைத்தேன். கையைக் கழுவினேன். பிறகு வந்து அவர் பக்கக் கதவைத் திறந்து, மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன், அவர் முகத்துக்கு நேராக என் முகம் வருகிற மாதிரி.

"ஷைனிகிட்ட வேண்டாம்னு சொல்லிருதேன். நீங்க எங்கயும் போக வேண்டாம்."

அவர் என்னையே பார்த்தார்.

"ஆனா ஒண்ணு. இனிமே சனிக்கிழமை நான் மட்டும்தான் வருவேன். ஒங்களப் பாத்துக்கிட ஆள் வைக்கேன், அந்த ஒருநாளுக்கு. நீங்க வீட்ல இருங்க. நான் வந்து நிப்பேன். தனியா."

அவர் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தார். நான் நிற்கிற இடம், குழாய் நட்ட ஓட்டை, அங்கே இப்போது தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கு இருந்தது இது ஒன்றுதான், இந்தக் கண்ணாடி வழியாகத் தெரிகிற இவ்வளவு கடல். அதைத்தான் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன். வேண்டாம் என்று சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை, அது எனக்குச் சாதகம் என்பதும் தெரியும். கால் மரத்துப்போயிற்று. எழுந்து, கம்பை இரண்டாகக் கழற்றிப் பின் சீட்டில் வைக்கப் போனேன். அவர் கையை நீட்டினார். என்ன என்றேன். இன்னும் நீட்டினார். ரீல் இருக்கிற பாதியைக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு, முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, இடது கை விரல்களால் குமிழைப் பிடித்தார். இடப்பக்கம் திருகினார். டிக். டிக். டிக். வீட்டுக்குப் போகும்போது டிராக்கை முழுதும் இளக்கித்தான் வைக்க வேண்டும், இறுக்கியே வைத்திருந்தால் உள்ளே இருக்கிற வளையங்கள் அமுங்கிக் கெட்டுப்போகும், நான் ஒருநாளும் அதைச் செய்ததில்லை, எனக்கு அது தெரியாது, அவர் செய்வதைப் பார்த்துத்தான் தெரிந்தது. சத்தம் வராமல் குமிழ் சும்மா சுற்றுகிற வரைக்கும் திருகினார். பிறகு அதை என்னிடம் கொடுத்தார்.